சீல் வெச்ச சாப்பாடு

"என் சமையலைத் தொடமாட்டாராம், அவ அனுப்பினதை மட்டும் சாப்பிடுவாராமா? அப்படி என்ன சார் ஒசத்தி அவ கையில?"

கம்பெனி கேன்டீனின் தலைமைச் சமையல்காரி கரண்டியை ணங்கென்று வைத்தாள். மேஜைமேல், இரண்டு உறை சுற்றி சீல் ஒட்டிய சாப்பாட்டுப் பெட்டி மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தது.

"கைப்பக்குவம் பத்தின விஷயம் இல்லக்கா," என்றார் மேனேஜர். "வர்றவர் யூதர். கோஷர் சாப்பாடுதான் சாப்பிடுவார். கறிக்குத் தனிப் பாத்திரம், பாலுக்குத் தனிப் பாத்திரம். அடுப்பு, கத்தி எல்லாத்தையும் அவங்க மதத்து ஆளுங்க வந்து பாத்து, சர்ட்டிஃபிகேட் குடுத்த கிச்சன்ல சமைச்சிருக்கணும். இந்த ஊர்ல அப்படி ஒரு கிச்சன், இந்தப் பெட்டியை அனுப்பினாங்களே, அவங்ககிட்ட மட்டும்தான் இருக்கு."

"சரி, நான் சூடு பண்ணி நல்ல தட்டுல வெக்கிறேன்."

"ஐயோ, வேண்டாம். உறையோடதான் சூடு பண்ணணும். சீலை அவரேதான் பிரிப்பார். அது பிரிஞ்சிருந்தா கையாலகூடத் தொடமாட்டார்."

அவளுக்கு வயிறு எரிந்தது. அந்த 'அவங்க' வேறு யாருமில்லை. நாலு வருஷத்துக்கு முன்புவரை இதே அடுப்படியில் இவளுக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தவள். உப்பு போதுமா என்று எதற்கும் இவள் முகத்தையே பார்த்து நின்றவள். இன்று தனியாகக் கேட்டரிங் நடத்துகிறாள். அந்த சர்ட்டிஃபிகேட்டைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலிலேயே மாட்டியிருக்கிறாள். அதைப் பார்க்கப் பிடிக்காமல் இவள் அந்தத் தெருவழியே போவதையே விட்டுவிட்டாள். அப்படி ஒரு காகிதம் தன் சுவரில் ஒருநாள் தொங்கினால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்றிருந்தது.

விருந்தாளியை அழைத்துவர மேனேஜர் வாசலுக்குப் போனார். ஒரு நிமிஷம்தான் ஆகியிருக்கும். இவள் இரண்டு உறையின் ஓரத்தையும் நகத்தால் நெம்பி, ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள். உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? மனசு குளிர்ந்தது. சீலைப் பழையபடி அழுத்தி ஒட்டிவிட்டு, ஒன்றும் தெரியாத பாப்பா போலப் பாத்திரம் துடைக்க ஆரம்பித்தாள்.

விருந்தாளி பெட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபப்படவில்லை, ஓரமாகத் தள்ளி வைத்தார். இரண்டு வாழைப்பழத்தை உரித்துச் சாப்பிட்டார். மேனேஜரிடம் மெதுவாக ஏதோ சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டார்.

கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"பாத்தீங்களா சார், அவ சாப்பாட்டை மனுஷன் வாயிலயே வெக்கல."

மேனேஜர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"அவர் கம்பெனி வேலையா வரலக்கா. உங்களுக்குன்னு தனியா ஒரு கோஷர் கிச்சன் கட்டித் தர முதலாளி ஒத்துக்கிட்டார். அதுக்கு சர்ட்டிஃபிகேட் குடுக்கலாமான்னு பாக்க வந்தவர் அவர். கையில கிடைச்சப்புறம் உங்ககிட்ட சொல்லலாம்னு இருந்தேன். ஒரு பெட்டியோட சீல்கூடத் தங்காத எடத்தை உள்ள வந்து பாக்க வேண்டியதில்லைன்னு சொல்லிட்டுப் போயிட்டார்."