சைக்கிள் ஷெட்டில் ஒரு சறுக்கல்

பள்ளிக்கூடத்தில் யார் விழுந்தாலும் பள்ளி பொறுப்பல்ல என்று எழுதிக் கொடுப்பதில் தாளாளர் கில்லாடி. மாடிப்படியில் விழுந்தால் பிள்ளையின் செருப்பு சரியில்லை. ஊஞ்சலிலிருந்து விழுந்தால் வளர்ப்பே சரியில்லை.

இன்று வந்திருந்தவரோ பலே ஆசாமி. முழங்கால் வரை கட்டு, கையில் ஊன்றுகோல். மகளுக்கு அட்மிஷன் கேட்க வந்தபோது, சைக்கிள் ஷெட்டில் பெயர்ந்து கிடந்த சிமெண்டு தடுக்கி விழுந்தாராம்.

"உங்க இடத்துலதான் விழுந்தேன். நஷ்டஈடு தாங்க. இல்லேன்னா கோர்ட்டுல பார்த்துக்கலாம்."

சொல்லிவிட்டு, கட்டுப் போட்ட காலை அலட்டிக்கொள்ளாமல் மடக்கி உட்கார்ந்தார். தாளாளர் அதைக் கவனித்துவிட்டார். அடப்பாவி, அத்தனையும் நடிப்பா! யாரிடம் வந்து?

ஆனால் டாக்டர் சர்டிபிகேட் மேஜைமேல் கிடந்தது. அட்மிஷன் சமயத்தில் கோர்ட்டு, கேஸ் என்று போனால் பள்ளியின் பெயர் நாறிவிடும். அடுத்த நொடியே மூளை வேலை செய்தது.

"ஐயோ பாவம் சார் நீங்க. ஆனா அந்த ஷெட்டு இருக்கிற இடம் எங்களோடதே இல்லையே! எங்க எல்லை தண்ணித்தொட்டியோட முடிஞ்சு போச்சு. அதுக்கு அந்தப் பக்கம் யார் விழுந்தா எங்களுக்கென்ன?"

"ஐயா, அந்த இடம் வந்து..." என்று கிளார்க் இழுத்தார்.

"நீ வாயை மூடிக்கிட்டு டைப் அடி."

வந்தவர் முறைத்தார். "வாயால சொன்னா ஆச்சா? எழுதிக் கொடுப்பீங்களா?"

"பேஷா!"

லெட்டர்பேடில் கடிதம் தயாரானது. தாளாளர் கையெழுத்துப் போட்டு, சீலையும் ஓங்கிக் குத்தினார். வாங்கிப் படித்தவரின் முகம் தொங்கிப்போனது.

"கவுத்திட்டீங்களே சார்..." என்று முனகியபடி நொண்டி நொண்டி வெளியேறினார்.

"பார்த்தியாய்யா? என்கிட்டயே வேலையைக் காட்டறான்!" தாளாளருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கிளார்க் மட்டும் சிரிக்கவில்லை, ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். தாளாளரும் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

ஊன்றுகோலைத் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று ஷெட்டைத் தாண்டிப் போன ஆசாமி, பின்சுவருக்கு மேலே கடிதத்தை நீட்ட, அந்த ஷெட்டு நிற்பது தன் மனையில் என்று ஒன்பது வருஷமாகக் கோர்ட்டுக்கு அலையும் பின்வீட்டு அம்மாள், "தம்பின்னா நீதான்டா!" என்று வாங்கிக்கொண்டிருந்தார்.