வெள்ளிக்கிழமைப் படம்

“இன்னிக்கு எந்த ஊர் படம்?” என்று கேட்டார் ஏகாம்பரம்.

“ஈரான்,” என்றாள் பத்மாவதி, நெற்றியில் தைலம் தேய்த்துக்கொண்டே.

தொம்மலூரில் அவர்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கல்லூரியில் முஸ்லிம் நாடுகள், ஆசிய நாடுகளின் படங்களை வெள்ளிக்கிழமைதோறும் போட்டார்கள். யார் வேண்டுமானாலும் போகலாம். பத்மாவதி ஒரு வாரம்கூடத் தவறவிட்டதில்லை.

“பாஷையே புரியாம அங்க என்னத்தப் பாக்குற?”

“மனுஷங்களப் பாக்குறேன். இன்னிக்குத்தான் கடைசி. எனக்கு ஜுரம் அடிக்குது. நீங்க போயிட்டு வாங்க.”

“நானா? சும்மா இரு.”

“எனக்காக ஒரே ஒரு தடவைங்க. ஆரம்பத்துலயே போயிடணும்.”

முணுமுணுத்துக்கொண்டே கிளம்பிப் போனவர் சீக்கிரமே திரும்பிவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அதுக்குள்ள படம் முடிஞ்சுதா?”

“நான் படம் பாக்கல. முன்னாடி மேடையேறி, படத்தைப் பத்திப் பேசினாளே, அவளத்தான் பாத்தேன்.”

மகள் ஹேமா இம்தியாஸைக் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து, அவள் பெயரையே வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்று உத்தரவு போட்டவர் அவர்.

“அங்கதான் லெக்சரரா இருக்கான்னு ஏன் சொல்லல?”

“சொன்னா போயிருப்பீங்களா?”

ஏகாம்பரம் குனிந்து செருப்பைக் கழற்றினார்.

“ரொம்ப இளைச்சுட்டா பத்மா,” என்றார். “ஞாயித்துக்கிழமை சாப்பிட வரச் சொல்லியிருக்கேன். ரெண்டு பேரையும்.”