பின்னணியில் சிரித்தவள்

பறவை பழத்தைக் கவ்விய அதே நொடியில் ஐலி பொத்தானை அழுத்தினாள்.

படம் துல்லியமாக விழுந்திருந்தது. தலைக் கொண்டை, கண்ணோரக் கறுப்புக் கோடு, வால் நுனியில் மஞ்சள், எல்லாம்.

பறவையின் முதுகுக்குப் பின்னால் அந்தப் பெண்ணும் விழுந்திருந்தாள்.

சாலையோர விளம்பரப் பலகையில் இருப்பவள். மூன்று வாரமாக வெயில், பனி என்று பாராமல் சிரித்துக்கொண்டிருக்கிறாள். பலகை முழுக்கச் சிவப்பு. பற்கள் மட்டும் வெள்ளை.

"சனியன்," என்றாள் ஐலி.

லென்ஸை முழுக்கத் திறந்து பின்னணியை மங்கலாக்கிப் பார்த்தாள். முகம் கரைந்தது. சிவப்பு கரைய மறுத்தது. மரத்துப் பழமும் சிவப்பு, பலகையும் சிவப்பு. எது பழம், எது பலகை என்று பார்ப்பவருக்குப் பிடிபடாது.

இடப்பக்கம் நகர்ந்தால் எரிவாயுத் தொட்டி பளபளத்தது. வலப்பக்கம் போனால் அடுத்த வீட்டு எய்னோ தன் படகின் மேல் போர்த்தியிருந்த நீலத் தார்ப்பாய். முழங்கால் கெஞ்சக் கெஞ்சப் பனியில் குத்தவைத்து அண்ணாந்தால் வெள்ளை வானம். அதில் பறவை வெறும் கரிக்கட்டை.

அவளே நட்ட மலை ஆஷ் மரம் அது. இந்த வாக்ஸ்விங் பறவைக் கூட்டம் எல்லா வருடமும் வராது. வந்தால் இரண்டு மூன்று நாளில் மரத்தை மொட்டையடித்துவிட்டு ஏரியைத் தாண்டிப் பறந்துவிடும். இருபத்தாறு குளிர்காலமாக இதே இடத்தில் காத்து நின்றிருக்கிறாள். பழத்தை மேலே எறிந்து வாயில் பிடிக்கும் அந்த நொடி இதுவரை அவளுக்குச் சரியாகக் கிடைத்ததே இல்லை.

சமையலறைக் கதவு திறந்தது. ரெய்னோ தலையை நீட்டினான். அவனுக்குப் பின்னாலிருந்து ஏலக்காய் ரொட்டி வாசனை வந்தது.

"மணி பத்தரை ஆச்சு, ஐலி. அந்த பூட்ஸோட உள்ள வந்துடாத. தரையத் துடைச்சு வச்சிருக்கேன்."

கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடத்தில் அவன் செவ்வாய்க்கிழமை தரை துடைத்ததில்லை.

மறுபடி கண்ணை வைத்தாள். மறுபடி அந்தச் சிரிப்பு.

போதும் என்றிருந்தது. கேமராவை முக்காலியில் விட்டுவிட்டு நீராவிக் குளியலுக்கான சவுனாக் கொட்டகைக்குள் போய், பெஞ்சில் கிடந்த கரும்பச்சைக் கம்பளிப் போர்வையை உருவி எடுத்தாள். நான்கு துணிக் கிளிப்புகள். தொடை வரை பனியில் புதைந்து புதைந்து சாலையோரம் போய், பலகையின் தலைவழியாகப் போர்வையை இழுத்துப் போர்த்திக் கிளிப்பு மாட்டினாள். பறவைகள் விருட்டென்று கிளம்பி, எய்னோவின் கூரை மேல் போய் உட்கார்ந்தன.

கால் மணி நேரம் அசையாமல் நின்றாள். விரல்கள் மரத்துப்போயின.

பறவைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

இப்போது பழத்துக்குப் பின்னால் அடர்காடு போல ஒரே பச்சை. ஒரு சாம்பல் நிறக் கார் மெதுவாகப் போனது. சற்று நேரத்தில் திரும்பி வந்தது. கண்ணாடி இறங்கியது, யாரோ எட்டிப் பார்த்தார்கள், பிறகு ஏறியது. ஐலி கண்ணை எடுக்கவில்லை. கார் போய்விட்டது.

பறவை பழத்தை மேலே எறிந்தது. பழம் அந்தரத்தில் நிற்க, அலகு திறந்திருக்க, கேமரா சொடுக்கியது.

கிடைத்துவிட்டது.

கதவு மறுபடி திறந்தது. ரெய்னோ தொலைபேசியைக் காதில் வைத்தபடியே வாசல் படியில் நின்றான். மறுமுனையில் பேசுவது பலகையில் சிரிப்பவள்தான். இந்த வீட்டை விற்றுக்கொடுப்பவள்.

"வீடு பாக்க வந்தவங்க ரெண்டு தடவ வந்து தேடினாங்களா? வீடு தெரியலையா?" என்றான்.

மார்ச்சில் பனியில்லாத அரிசோனாவுக்குக் குடிபோகிறார்கள், மகள் வீட்டுப் பக்கம். ரெய்னோவின் இதயம் இனிப் பனி அள்ளத் தாங்காது என்று மருத்துவர் சொன்ன நாளோடு அது முடிவாகிவிட்டிருந்தது. ஐலியும் சரியென்றுதான் சொன்னாள். வீட்டை விற்கக் கையெழுத்தும் போட்டாள்.

ரெய்னோ தொலைபேசியைப் பிடித்தபடி சாலையைப் பார்த்தான். போர்வையைப் பார்த்தான். நான்கு கிளிப்புகளையும் பார்த்தான்.

ஐலி கேமராவைக் கழற்றுவது போலக் குனிந்துகொண்டாள்.

"பலகையா? பனி மூடியிருக்கும்," என்றான் ரெய்னோ தொலைபேசியில்.

மூன்று நாளாகப் பனியே விழவில்லை.

அணைத்துவிட்டு, தொலைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். மரத்தை அண்ணாந்து பார்த்தான்.

"நாளைக்கு வேற யாரோ வராங்களாம்," என்றான். "உன் பறவைங்க நாளைக்கும் இருக்கும்ல?"