அனாதைப் பெட்டி

மூன்றாம் ஆலையின் பழைய மெயில் முகவரிகளை மொத்தமாக அழிக்க அவள் பொத்தானை அழுத்தியதும் திரை ஒரு கேள்வி கேட்டது. படிக்காத மெயில்கள் பதினொன்று இருக்கின்றன, அவற்றையும் அழித்துவிடலாமா?

நிறுவனத்துக்கு ஏழு குளிர்பதன ஆலைகள். ஒவ்வோர் ஆலைக்கும் முகவரியின் வாலில் ஒரு தனிப் பெயர். ஏழு வாலையும் பிடித்துக்கொண்டு தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பது அவள் ஒருத்திதான்.

போன வருடம் அந்தப் பெயர்களையெல்லாம் மாற்றினார்கள். பழைய பெயருக்கு வருவது புதிய பெயருக்குத் தானாகப் போய்ச் சேரும்படி அவள்தான் பட்டியல் போட்டாள். நானூற்றுச் சொச்சம் முகவரிகள்.

பட்டியலில் இல்லாத முகவரிக்கு வருவதெல்லாம் ஒரு பொதுப் பெட்டியில் விழும். அலுவலகத்தில் அதற்கு அனாதைப் பெட்டி என்று பெயர். அறுபது நாளில் அதிலிருப்பது தானே அழிந்துவிடும். யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அனுப்பியவருக்கும் திரும்பிப் போகாது. திரும்பிப் போனால் கம்பெனிக்குக் கேவலம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

அவள் பெட்டியைத் திறந்தாள்.

பதினொன்றும் பாதுகாப்புப் புகார் முகவரிக்கு வந்தவை. ஆலைச் சுவர்களில் இன்னும் ஒட்டியிருக்கும் பழைய முகவரி.

தான் போட்ட பட்டியலை எடுத்துப் பார்த்தாள். அந்த ஒரு வரியில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது.



ஐந்து வாரத்துக்கு முன்னால் மூன்றாம் ஆலையில் அம்மோனியா கசிந்து, மூட்டை தூக்கும் இருவர் செத்துப்போனார்கள். ஆபரேட்டர் மட்டும் நுரையீரல் வெந்து பிழைத்தான். வால்வு கசிகிறதென்று எழுதி எழுதிப் போட்டேன் என்று விசாரணையில் தலையில் அடித்துக்கொண்டான். எதிலிருந்து அனுப்பினாய் என்றார்கள். கட்டுப்பாட்டு அறையின் பொதுக் கணினியைச் சொன்னான். அது அனுப்பியதன் நகலை வைத்துக்கொள்ளாது.

விசாரணைக் குழு அவளைக் கேட்டது. புகார்கள் வந்து சேரவேண்டிய புதிய பெட்டியைத் திறந்து பார்த்தாள். காலி. அப்படி எந்தப் புகாரும் வரவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

அந்தக் கையெழுத்தோடு ஆபரேட்டர் பொய்யனாகிப்போனான். தன் அலட்சியத்தை மறைக்கக் கதை கட்டுகிறான் என்றார்கள். செத்தவர்களின் வீட்டார் அவன் வீட்டு வாசலில் வந்து நின்று மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனார்கள்.

முதல் மெயிலில் வால்வின் எண்ணும் கசிவு தொடங்கிய நாளும் இருந்தன. மூன்றாவதில், வாயில் ஈரத்துணி கட்டிக்கொண்டு வேலை பார்ப்பதாக எழுதியிருந்தான். ஏழாவதில், பெரியவர்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும், தொந்தரவு செய்வதற்கு மன்னிக்கவும் என்று. எல்லாவற்றின் அடியிலும் அவன் பெயர், பணி எண்.

மேஜை போன் அடித்தது. பழைய முகவரிகளை அழித்தாயிற்றா என்று மேனேஜர் கேட்டார். விசாரணை அறிக்கை சாயங்காலம் கையெழுத்தாகிறது, அதற்குள் எல்லாம் சுத்தமாக இருக்கட்டும் என்றார். அரை மணி நேரம் வேண்டும் என்றாள்.

'சரி' என்ற இடத்தில் ஒரு தட்டு தட்டினால் போதும். அவள் பிழையும் சேர்ந்து போய்விடும். அழிக்கச் சொன்னதும் மேனேஜர்தான். கேட்க ஆள் கிடையாது.

அவள் பதினொன்றாவதைத் திறந்தாள். விபத்துக்கு முந்தின நாள் அனுப்பியது.

'மதிப்பிற்குரிய ஐயா, பத்து முறை எழுதியும் பதில் இல்லாததால் முகவரி தவறோ என்று சந்தேகம் வந்தது. நேற்று வீட்டில் சாப்பிடும்போது என் அண்ணியிடம் கேட்டேன். கம்பெனி மெயிலெல்லாம் அவர் பொறுப்பில்தான் இருக்கிறது. முகவரி சரிதான், பொறுமையாக இரு, பார்ப்பார்கள் என்றார். அதனால் மறுபடியும் எழுதுகிறேன்.'

அவன் கேட்டது அவளுக்கு ஞாபகம் இருந்தது. கைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தாமல் பதில் சொன்னதும் ஞாபகம் இருந்தது.

விசாரணையில் அவன் இதை மட்டும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகும் சொல்லவில்லை. இல்லாததை இருக்கிறதென்று எப்படி எழுதிக் கொடுப்பது என்று அவள் புருஷனிடம் வாதாடிய அன்றைக்கு, பக்கத்து அறையில்தான் படுத்திருந்தான். அன்று அவன் இருமல்கூடக் கேட்கவில்லை.

பத்து மெயில்களே அவன் சொன்னது உண்மையென்று காட்டப் போதும். பதினொன்றாவது இல்லாவிட்டால் அவள் சொன்ன பதில் யாருக்கும் தெரியாது, எவனோ ஒருத்தனின் மெயில் எப்படியோ தவறிப்போனதாகப் போய்விடும்.

அவள் பதினொன்றையும் இணைத்தாள். பட்டியலில் எழுத்தை விட்டது நான், கேட்டபோது சரிபார்க்காமல் பதில் சொன்ன அண்ணியும் நான்தான் என்று இரண்டு வரி எழுதி விசாரணைக் குழுவுக்கு அனுப்பினாள்.

பிறகு வீட்டுக்குப் போன் செய்தாள். புருஷன் வேலைக்குப் போயிருப்பான். வெகுநேரம் அடித்த பிறகு கொழுந்தன்தான் எடுத்தான்.

"தம்பி, நீ அனுப்புன மெயிலெல்லாம் கெடைச்சிருச்சு."

மூச்சு இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பேசுவதற்கு இப்போதெல்லாம் அவனுக்கு நேரம் பிடிக்கும்.

"எப்ப வந்துச்சு அண்ணி?"

அவள் திரையின் ஓரத்தைப் பார்த்தாள். முதல் மெயிலின் தேதியைப் படித்தாள். அடுத்ததைப் படித்தாள். ஐந்தாவது தேதியில் அந்தப் பக்கம் இருமல் தொடங்கியது. நிற்பதற்காகக் காத்திருந்தாள். நின்றதும் ஆறாவதைப் படித்தாள்.