குளியலறைப் பரிசோதனை

"அத்தை, நான் சொல்றத முழுசா கேட்டுட்டு அப்புறம் அழுங்க."

மாமியார் அழவில்லை. சமையலறை மேடையைப் பிடித்தபடி நின்றாள். குரல் நடுங்கியது என்னவோ மருமகளுக்குத்தான்.

மருமகள் பெரிய மருத்துவமனையில் நர்ஸ். கருப்பைவாய்ப் புற்றுநோய் வருவதற்கு முன்பே கண்டுபிடிக்க எந்த வழி நல்லது என்று அங்கே பல வருடங்களாக ஓர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை டாக்டரே செல் எடுத்துப் பார்ப்பது பழைய வழி. பெண்கள் வீட்டிலேயே மெல்லிய குச்சியால் தாங்களே எடுத்துக் கொடுக்க, அதில் அந்த நோயை உண்டாக்கும் கிருமி இருக்கிறதா என்று ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பார்ப்பது புது வழி. கூச்சப்படுகிறவர்களுக்குப் புது வழிதான் சரி என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் வாதாடுவாள்.

மாமியாரோ ஆஸ்பத்திரி பக்கமே தலைவைத்துப் படுக்காதவள். மருமகள்தான் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்தாள். அவளுக்குத் தைரியம் வரட்டும் என்று முதலில் தனக்கு எடுத்து, அந்தக் குச்சியைப் பெயர் ஒட்டிய சோதனைக் குழாயில் போட்டுக் குளியலறை அலமாரியில் வைத்தாள். பிறகுதான் மாமியார் தன் குழாயோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இன்று முடிவு வந்துவிட்டது. மருமகளின் குழாயில் செல்லே இல்லையாம், மறுபடி எடுக்க வேண்டுமாம். ஊருக்கெல்லாம் சொல்லித் தருகிறவளுக்கே குச்சி பிடிக்கத் தெரியவில்லை என்று டாக்டர் கிண்டலடித்தார். அவளும் சிரித்தாள். மாமியாரின் முடிவைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"உங்களுக்குக் கிருமி இருக்கு அத்தை. அதுலயும் மோசமான வகை. புற்றுநோய்னு அர்த்தமில்ல. ஆனா சீக்கிரமே டாக்டர் உள்ள பார்த்தாகணும்."

மாமியார் அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். மருமகள் பாய்ந்து கட்டிக்கொண்டாள். பெற்ற மகளைப் போலத் தன்னைப் பார்த்துக்கொண்டவளுக்கா இப்படி என்று மாமியாரின் தோளில் முகம் புதைத்தாள். கூடவே வருவதாகவும், பிடித்த கையை விடமாட்டேன் என்றும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மாமியார் அவள் முகத்தை இரு கைகளாலும் ஏந்திக்கொண்டாள். இப்போதுதான் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"எனக்குப் பயமா இருந்துச்சும்மா. சின்ன வயசு, உனக்கு என்ன இருந்துடப் போகுதுன்னு, என் குச்சிய உள்ள வைக்காமலே உன் குழாயில போட்டுட்டு, நீ எடுத்து வச்சிருந்தத என் குழாயில போட்டுக் கொடுத்துட்டேன்."