தம்பி ரத்தம் வேண்டாம்

"செத்தாலும் சாவேனே தவிர, அவன் ரத்தம் என் ஒடம்புல ஏறப்படாது!"

கட்டிலில் கிடந்தபடியே நம்பிராஜன் கத்தினார். தென்காசியில் அந்தச் சின்ன ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டது. சட்டைக் கையை மடித்துவிட்டு வாசலில் நின்ற தம்பி தாணுவுக்கும் கேட்டது.

காலையில் மேலகரம் ரோட்டில், குற்றாலத்துக்குப் போன சீசன் வேன் ஒன்று நம்பிராஜனின் வலது கால் மேல் ஏறிவிட்டது. ரத்தம் ஏகமாய்ப் போய்விட்டது. வேறு ரத்தம் ஏற்றினால் பெரிய ஆபரேஷன் செய்து காலைக் காப்பாற்றலாம். இல்லாவிட்டால் காலையே எடுத்தாக வேண்டும். அதுவும் சீக்கிரம்.

ஓ குரூப் என்றுதான் முதலில் நினைத்தார்கள். நண்பர்கள் ஓடி வந்தார்கள். ஆனால் யார் ரத்தத்தைச் சேர்த்துப் பார்த்தாலும் கட்டி கட்டியாய்த் திரிந்தது.

டாக்டர் அனந்தநாராயணன் நம்பிராஜனின் மனைவி உலகம்மாளிடம் சொன்னார்: "ரத்த அணு மேல சர்க்கரை, சங்கிலி சங்கிலியா ஒட்டியிருக்கும்மா. அது ஆளுக்கு ஆள் மாறும். அதை வெச்சுத்தான் ஏ, பி, ஓ எல்லாம். ஓ குரூப்காரங்ககிட்டகூட இருக்கிற ஒரு சர்க்கரை இவருக்கு இல்ல."

"சர்க்கரை வியாதியா டாக்டர்?"

"அது வேற. இவங்க அப்பா, அம்மா சொந்தமா?"

"எங்க மாமனார், சொந்த அக்கா மகளைத்தான் கட்டினாவ."

"அப்போ கூடப்பிறந்தவங்களுக்கும் இதே ரத்தம் இருக்கலாம்."

செங்கோட்டைக்கு ஆள் போனது. தாணு வந்தான். கொஞ்சம் எடுத்துச் சோதித்தார்கள். அப்படியே சேர்ந்தது.

எல்லோரும் மூச்சு விடுவதற்குள்தான் இந்தக் கூத்து.

"பெரியவங்க பேசி வெச்ச பொண்ணை விட்டுட்டு, எவளையோ கூட்டிட்டுப் போனவன். ஐந்தருவியில தலை முழுகினேன், முழுகினதுதான். வெளிய போவச் சொல்லுட்டி!"

"ஏங்க, உங்க காலைக் கும்பிடுதேன். வீம்பு பண்ணுத நேரமா இது?" உலகம்மாள் அழுதாள்.

"அவன் போவலைன்னா இந்த ஊசியைப் பிடுங்கி எறிஞ்சிருவேன்."

தாணுவின் முகம் செத்துவிட்டது. "வாரேன் மதினி. இனிமே எதுக்கும் எனக்குச் சொல்லி விடாதீங்க."

விறுவிறுவென்று படியிறங்கிப் போனான். மனுஷனா இவன் என்று வராந்தாவே நம்பிராஜனைத் திட்டியது. வீம்புக்கும் ஒரு அளவு வேண்டாமா?

டாக்டருக்கு ஆத்திரம் தாங்கவில்லை. எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"உங்களுக்கு மூளை இருக்கா? ஆயிரத்துல ஒருத்தர்கிட்டகூடக் கிடைக்காத ரத்தம், தானா வந்து நின்னுது!"

"அவன் போயிட்டானா டாக்டர்?"

"போயிட்டான்."

"பஸ் ஏறிட்டானான்னு பாக்கச் சொல்லுங்க."

"எதுக்கு? திரும்பி வந்தா திட்டவா?"

நம்பிராஜனின் கண் ஓரத்தில் நீர் இறங்கியது.

"சின்ன வயசுல மூட்டுக் காய்ச்சல் வந்து, அவனுக்கு நெஞ்சுல வால்வு பழுது. வெளிய தெரிஞ்சா பொண்ணு கிடைக்காதுன்னு அம்மா மூச்சு விடல. வீட்டுல உலகம்மாளுக்கே தெரியாது. பாட்டில் பாட்டிலா எடுத்தா அவன் தாங்குவானா?"

டாக்டர் திகைத்தார். "என்கிட்டச் சொல்லியிருக்கலாமே, நானே வேண்டாம்னிருப்பேன்."

"நீங்க வேண்டாம்னா, ஒண்ணும் இல்லைன்னு சாதிச்சு, உங்க கையைப் பிடிச்சுக் கெஞ்சுவான். இல்லைன்னா வேற டாக்டர்ட்டப் போய்க் கையை நீட்டிருவான். நான் கேவலப்படுத்துனாத்தான் ரோஷப்பட்டுப் போவான்."

வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"காலை எடுத்துருங்க டாக்டர். எனக்குக் கால் ரெண்டு இருக்கு. தம்பி ஒருத்தன்தான்."