பேரில்லாத பிள்ளைக்கு ஒரு கார்டு

"குழந்தை பேர் எங்க?"

காப்பீட்டுக் கார்டு ஃபாரத்தைப் பார்த்துக்கிட்டே ஜாக்குலின் மேடம் அருணகிரியைக் கேட்டாங்க. செங்கல்பட்டு காப்பீட்டு ஆபீஸ் கவுண்டர்ல அந்தம்மா உட்கார்ந்து ரெண்டு வருசம்கூட ஆகலை. வாரிசு வேலைல வந்தவங்க. அதுக்குள்ள 'ரிஜெக்ட் மேடம்'னு பட்டம் வாங்கிட்டாங்க.

"இன்னும் வைக்கல மேடம்."

"நாலு மாசமாவா?"

"மின்ன ரெண்டு புள்ளைங்க மேடம். பேரு வெச்ச ஒரே மாசத்துல போயிடுச்சுங்க. மாசி மகத்தன்னிக்குக் கடல்ல முழுக்காட்டிட்டுதான் இதுக்குப் பேருன்னு வேண்டிகினு கீறோம்."

அருணகிரி ஈ.சி.ஆர்.ல சாலைப் பணியாளர். திருவிடந்தை பக்கத்துக் குப்பத்துக்காரன். பேர் சொல்லிக் கூப்பிட்டா எமன் காதுலயும் விழும்னு அவன் பொண்டாட்டி தமிழரசிக்கு அப்படியொரு பயம். மாசி மகத்துக்கு இன்னும் மூணு மாசம் கெடக்கு. ஆனா குழந்தை இதயத்துல ஓட்டை. ஆபரேஷன் வர்ற திங்கக்கிழமை.

"சும்மா ஏதோ ஒரு பேரை எழுதுங்க. அப்புறம் மாத்திக்கலாம்."

"எழுதுனாலும் கூப்ட்ட மாதிரிதான் மேடம். வூட்ல அவ உசுரையே வுட்டுடுவா."

"அப்ப ரூல்ல இடமில்ல."

"மாசா மாசம் சம்பளத்துல புடிக்கிறீங்களே மேடம்?"

"நானா புடிக்கிறேன்? தள்ளுங்க. அடுத்த ஆள் வாங்க."

'நிராகரிக்கப்பட்டது'னு ஒரு சீல். நீயும் ஒரு பொம்பளையான்னு மனசுக்குள்ள திட்டிக்கிட்டே வீடு வந்து சேர்ந்தான். விஷயத்தைக் கேட்ட தமிழரசி குழந்தையை மார்போட அணைச்சுக்கிட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கிட்டா.

சாயங்காலம் ஆறு முப்பத்தெட்டுக்கு அவன் போன்ல ஒரு மெசேஜ்.

'சேர்க்கை அனுமதிக்கப்பட்டது. பெயர்: பேபி ஆஃப் தமிழரசி. குறிப்பு: பேரைப் பொறுமையா வைக்கட்டும். அனுமதித்தவர்: ஜெபக்குமார், கண்காணிப்பாளர்.'

மகராசன், யாரு பெத்த புள்ளையோ! மறுநாள் காலையில நல்ல வஞ்சிரமா ரெண்டு துண்டு வாங்கிப் பொட்டலம் கட்டிக்கிட்டு ஆபீசுக்கு ஓடினான்.

"ஜெபக்குமார் சார் ரூம் எதுங்க?"

பியூன் சடையன் முகம் செத்துப்போச்சு. அவனை வராந்தா கடைசிக்குக் கூட்டிக்கிட்டுப் போனான். பூட்டின கதவு. வாசப்படியில உருகிக் காய்ஞ்ச மெழுகுவத்தி ஏழெட்டு.

"உனக்கும் வந்துச்சா அண்ணாத்த? அந்த சாரு செத்து ரெண்டு வருசமாவுது."

"இன்னா சொல்ற?"

"கம்ப்யூட்டர்ல அவரு ஐடி மட்டும் சாவல. மூடணும்னா அவரே கையெழுத்துப் போட்டு எழுதிக் குடுக்கணுமாம். ரூலு." சடையன் கவுண்டர் பக்கம் ஒரு தபா பார்த்துட்டுக் குரலை இறக்கினான். "ஓடிபி அவரு போனுக்குத்தான் போவும். அந்தப் போனைச் சவப்பொட்டியிலயே வெச்சுப் பொதைச்சிட்டேன்னு அவரு சம்சாரம் சொல்லிடுச்சு. ஆனா காலைல ரிஜெக்ட் ஆவுறது, ஆறரை மணிக்கு மேல தன்னால பாஸ் ஆவுது. இருட்டினா இங்க ஒரு பய தங்க மாட்டான்."

"எப்டி செத்தாரு?"

"ஹார்ட்டு. ஆபரேசன் பண்ணணும்னாங்க. அவரு கார்டே பெண்டிங்ல கெடந்துச்சு. இனிஷியல் தப்பாம். இன்னிக்கு வரும் நாளைக்கு வரும்னு பார்த்துகினே இருந்து போய்ச் சேர்ந்துட்டாரு."

அருணகிரி கையில மீன் பொட்டலம் ஐஸ் மாதிரி ஒட்டிக்கிச்சு. எமன் காதுல விழக்கூடாதுன்னு பேரையே மறைச்சு வெச்ச புள்ளை. அதைச் செத்தவர் ஒருத்தர் கண்டுபிடிச்சு, தொட்டுட்டும் போயிட்டாரே.

நேரா கவுண்டருக்கு வந்தான்.

"மேடம், அந்தக் கார்டை கேன்சல் பண்ணிடுங்க."

"திங்கக்கிழமை ஆபரேஷன்னு சொன்னீங்க?"

"தள்ளிப் போட்டுக்கறேன். மாசி மகம் முடியட்டும், பேரு வெச்சே கொண்டாறேன். செத்தவர் கை பட்டது எம்புள்ளைக்கு வேணாம் மேடம்." சொல்லிக்கிட்டே கண்ணைத் துடைச்சுக்கிட்டான்.

ஜாக்குலின் மேடம் முதல் தடவையா அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தாங்க. அவன் பின்னாடி வரிசையில யாரும் இல்லை. கைப்பையைத் திறந்து, ஓரம் உடைஞ்ச ஒரு பழைய போனை எடுத்து, கவுண்டர் கண்ணாடிக்குக் கீழே அவன் பக்கமா நகர்த்தினாங்க.

திரையில ஒரு மெசேஜ். நேத்து சாயங்காலம். ஆறு முப்பத்தேழு. ஓடிபி.

"தள்ளிப் போடாதப்பா," அந்தம்மா குரல் அவனுக்கு மட்டும் கேட்டுச்சு. "இப்படித் தள்ளிப் போட்டுத் தள்ளிப் போட்டுதான் நான் ஒருத்தரைப் பொதைச்சேன். உன் புள்ளை மேல பட்டது செத்தவர் கை இல்ல. அவர் பொண்டாட்டி கை."